இறகில் மீன் செய்த அம்மையார்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல் மாணவி)

நம் கல்லூரி ஆண்டு மலரில் அறிவியல் மேதைகளின் வாழ்வும் விடுதலை வீரர்களின் வாழ்வும் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. இடம்பெறத்தான் வேண்டும். ஆயினும் இம்முறை ஆய்வுக்கூடத்தையோ அரசியல் மேடையையோ மிதித்தறியாத ஒரு பெண்மணியைப் பற்றி எழுத எண்ணினேன். அவர் பெயர் கேரி ஸ்டீவன்ஸ். அமெரிக்க நாட்டில் தூண்டில் பிடிப்பதைக் கலையாகப் போற்றுவோரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்; உடனே முகம் மலரும். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஓர் இரும்பு முள்ளின்மேல் இறகையும் நூலையும் சரிகையையும் கட்டி, தண்ணீரில் நீந்தும் சின்னஞ்சிறு மீனாக அதை மாற்றினார். எவரிடமும் பயிலாமலே மாற்றினார்.

இதில் என்ன விந்தை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வகுப்பில் காட்டுக்கோழியின் கழுத்திறகைப் பற்றிப் பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் நான் இந்த அம்மையாரிடம் வந்து சேர்ந்தேன். அந்தச் செய்தியை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கு முன் ஈத்தூண்டில் என்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்க் குளத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போடுவார்கள். புழுவின் மணமே மீனை இழுக்கும். குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் டிரவுட் என்னும் மீன் நீர்ப்பூச்சிகளை விரும்பித் தின்னும். ஆகவே அங்குள்ளவர்கள் முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டி, பூச்சி போலவே தோன்றும் பொய் இரையைச் செய்தார்கள். இதற்கு மணம் இல்லை, சுவை இல்லை. தோற்றமும் அசைவுமே உண்டு. இதையே ஈ என்கிறார்கள். நாளடைவில் பெரிய மீனைப் பிடிக்க விரும்பியவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். பெரிய டிரவுட்டுக்குப் பூச்சி போதாது. அது சிறு மீன்களைத் துரத்தித் தின்னும். எனவே சிறு மீனைப் போலவே நீண்ட இறகு வைத்துக் கட்டிய ஈக்கள் பிறந்தன. இவற்றுக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். ஈ என்பது பெயரளவில்தான், உருவம் மீனுடையது. தண்ணீரில் இழுத்தால் இறகு ஒடுங்கும். இழுப்பதை நிறுத்தினால் விரியும். அந்த ஒடுங்கலும் விரிதலும்தான் உயிர்.

ஏரிகளின் நாடு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்றொரு மாநிலம் இருக்கிறது. காடும் ஏரியும் பனியும் நிறைந்த பகுதி. அங்குள்ள வியன்னா என்னும் சிற்றூரில் 1882 ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று கேரி பிறந்தார். வியன்னா என்றதும் ஐரோப்பாவின் பெருநகரத்தை நினைத்துவிட வேண்டாம். இது பெயர் மட்டும் ஒத்த கிராமம். பிறந்த வீட்டுப் பெயர் வில்ஸ். 1905 இல் வாலஸ் ஸ்டீவன்ஸ் என்பவரை மணந்தார். நகரத்திலிருந்து வரும் செல்வர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் இருக்கும் இடம் காட்டும் வழிகாட்டியாக வாலஸ் தொழில் செய்தார். கேரி பெண்களின் தொப்பிகளை இறகு வைத்து அலங்கரிக்கும் தொழில் பழகியவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். அக்காலத்து மேனாட்டுப் பெண்டிரின் தொப்பிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இறகு அந்தத் தொழிலில் எவ்வளவு முதன்மையானது என்பது விளங்கும்.

மெயின் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ரேஞ்ச்லி ஏரிகள் சங்கிலி போல் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் மூஸ்லுக்மெகன்டிக். (இதை ஒரே மூச்சில் சொல்ல வல்லவர்கள் நம் பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ளலாம்.) அந்த ஏரிக்கும் அதற்குக் கீழுள்ள ரிச்சர்ட்சன் ஏரிக்கும் நடுவே அப்பர் டாம் என்ற அணை இருந்தது. காட்டில் வெட்டிய மரங்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுபோவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய அணை அது. மதகுகளின் வழியே பாயும் நீர் கீழே நுரைத்துச் சுழலும். அந்த மடுவில் மிகப் பெரிய மீன்கள் கிடக்கும். கேரியும் வாலஸும் அணையின் அருகிலேயே வீடு அமைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

விலங்கியல் படிக்கும் நாம் இந்த ஏரிகளின் மீன் வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே வாழ்ந்த ப்ரூக் டிரவுட் பெயரளவில்தான் டிரவுட். வகைப்பாட்டியலின்படி அது சால்வெலினஸ் பேரினத்தைச் சேர்ந்தது, அதாவது சார் மீன்களின் இனம். ஒரு காலத்தில் இந்த ஏரிகளில் நீலமுதுகு டிரவுட் என்ற சிறிய மீன் கூட்டங்கூட்டமாக இருந்தது. அதைத் தின்றே ப்ரூக் டிரவுட் பெருத்தது. 1870களில் மனிதர்கள் வேட்டையின்பத்துக்காக ஏரிச் சால்மன் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். சால்மனுக்கு இரை வேண்டுமென்று 1890களில் ஸ்மெல்ட் என்ற வெள்ளி நிறச் சிறு மீனையும் கொண்டுவந்து விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலமுதுகு டிரவுட் இந்த ஏரிகளிலிருந்து அடியோடு மறைந்தது. பழைய இரை போய்ப் புதிய இரை வந்தது. பெரிய மீன்கள் ஸ்மெல்டைத் துரத்தப் பழகின. சூழலியல் பாடத்தில் புகுத்தப்பட்ட இனங்கள் என்று நாம் படிக்கும் பகுதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேரி அம்மையார் பிற்காலத்தில் இறகால் செய்து காட்டியது இந்த ஸ்மெல்ட் மீனைத்தான். மனிதன் கொண்டுவந்து விட்ட மீனை மனிதக் கையே திரும்பவும் படைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

1924 ஜூலை முதல் நாள்

அப்பர் டாமுக்கு வருவோருள் சார்லஸ் வீலர் என்பவர் ஒருவர். ஷாங் என்று அழைப்பார்கள். கனெக்டிகட் மாநிலத்தவர், மரத்தில் வாத்து உருவங்களை உயிருள்ளவை போலச் செதுக்குவதில் பெயர் பெற்றவர். 1920 ஐ ஒட்டிய காலத்தில் அவர் கேரிக்குச் சில முட்களும் இறகும் மான்வால் மயிரும் கொடுத்து, நீயும் கட்டிப் பாரேன் என்று ஊக்கப்படுத்தினார். கொடுத்தவர் பொருளைத்தான் கொடுத்தார். எப்படிக் கட்டுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

1924 ஜூலை முதல் நாள். கேரி வீட்டு வேலையில் இருந்தார். ஸ்மெல்டைப் போலச் சாம்பல் நிறச் சிறகு வைத்து ஓர் ஈ கட்டினால் என்ன என்று திடீரென்று தோன்றியது. வேலையைப் பாதியில் விட்டார், கட்டினார், தூண்டிற்கழியை எடுத்துக்கொண்டு அணைக்கட்டின் கீழ் மடுவுக்குப் போனார். மீன் கவ்வியது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இழுபறி. இறுதியில் கரை சேர்ந்த ப்ரூக் டிரவுட்டின் எடை 6 பவுண்டு 13 அவுன்சு. நம் கணக்கில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நீளம் 24¾ அங்குலம். ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற இதழ் அந்த ஆண்டு நடத்திய போட்டியில் அந்த மீனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு பெண், தானே கட்டிய ஈயால், தானே பிடித்த மீன் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. எனக்கும் ஒன்று கட்டித் தருவீர்களா என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. பாதியில் விட்ட வீட்டு வேலை அன்று முடிந்ததா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் இதை ஒரு நல்வாய்ப்பின் கதையாகவே சொல்கிறார்கள். அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் மின்னல் போல் ஓர் எண்ணம் உதித்தது, உடனே பெரிய மீன் அகப்பட்டது என்று முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அந்த எண்ணம் தோன்றுவதற்கு முன் அவர் ஆண்டுக்கணக்கில் அந்த மடுவின் கரையிலேயே வாழ்ந்திருக்கிறார். ஸ்மெல்ட் மீன் எந்த வெளிச்சத்தில் எந்த நிறமாகத் தெரியும், எப்படி நெளியும், பெரிய மீன் அதை எங்கே மறித்துப் பிடிக்கும் என்பதெல்லாம் கோடைதோறும் கண்ணெதிரே நடந்தவை. இறகு நனைந்தால் எப்படி ஒடுங்கும், எந்த இறகு வளையும், எது ஒடியும் என்பதை அவர் விரல்கள் அறிந்திருந்தன. நாம் இதையே ஓர் ஆய்வு மாணவர் செய்தால் களப்பணி என்கிறோம், பட்டம் தருகிறோம். வீட்டுப் பெண் செய்தால் நல்வாய்ப்பு என்கிறோம். இது நியாயமா என்று தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பிழையும் வழங்கி வருகிறது. அன்று மீனைப் பிடித்தது அவருடைய மிகப் புகழ்பெற்ற ஈயான கிரே கோஸ்ட், அதாவது சாம்பல் பேய், என்று பலர் எழுதிவிட்டார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அது ஷாங்ஸ் கோ-கெட்-அம் என்று பெயரிட்ட வேறோர் ஈ என்று காட்டியிருக்கிறார்கள். கிரே கோஸ்ட் அதற்குப் பிறகு, பல ஈக்களைக் கட்டிக் கட்டித் திருத்தியபின் பிறந்தது. எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது. முதல் நாளே முழுமை கிடைத்துவிடவில்லை. முழுமைக்குப் பின்னும் ஆண்டுகள் உழைத்திருக்கிறார்.

சாம்பல் பேயின் உடற்கூறு

கிரே கோஸ்ட் எப்படி அமைந்தது என்பதை நாம் தவளையை அறுத்துப் பார்ப்பது போல ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கலாம். அடித்தளம் நீண்ட தண்டுள்ள முள். தண்டின்மேல் ஆரஞ்சு நிறப் பட்டுநூலைச் சமமாகச் சுற்ற வேண்டும், அதுவே உடல். அதன்மேல் இடைவெளி விட்டு வெள்ளிச் சரிகை. அது செதில்களின் மினுக்கம். வயிற்றுப்புறம் மயில் பீலியின் இழைகள் நான்கைந்து. அவற்றின் கீழே வெண்ணிற மான்வால் மயிர். மீனின் வயிறு வெண்மையாக இருப்பது நாம் அறிந்ததே. பிறகு சீனத்துப் பொன்னிற ஃபெசன்ட் பறவையின் கொண்டை இறகு. சிறகாக அமைவன ஆலிவ் கலந்த சாம்பல் நிறச் சேவலின் நீண்ட முதுகிறகுகள் நான்கு, பக்கத்துக்கு இரண்டாக. அவற்றின் முன்பகுதியில் தோள்போல வெள்ளி ஃபெசன்ட்டின் கரைக்கோடு போட்ட இறகு. இது மீனின் செவுள் மூடி போலத் தோன்றும். அதன்மேல் கண். கடைசியில் தலையைக் கறுப்பு நூலால் சுற்றி முடித்து வார்னிஷ் பூச வேண்டும். கறுப்புக்கு நடுவே ஓர் ஆரஞ்சு வளையம் விடுவார். அதுதான் அவர் கையெழுத்து.

கண் என்றேன் அல்லவா, அங்கேதான் நம் பேராசிரியர் சொன்ன செய்தி வருகிறது. அந்தக் கண்ணாகப் பயன்பட்டது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. காலஸ் சொன்னராட்டி என்ற இந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்வது. அதன் கழுத்திறகுகளின் நுனியில் வெண்மையும் மஞ்சளுமாக மெழுகைச் சொட்டவிட்டது போன்ற பளபளப்பான புள்ளிகள் இருக்கும். இறகின் நடுத்தண்டே அந்த இடத்தில் அகன்று தட்டையாகி அந்தப் புள்ளியாகிறது. தண்ணீரில் நனைந்தாலும் அந்த மினுக்கம் மங்காது. சிறு மீனின் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உலகில் இல்லை என்று ஈ கட்டுவோர் கருதினார்கள். நம் காட்டுச் சேவலின் இறகு கடல் கடந்து மெயின் மாநிலத்து ஏரியில் ஸ்மெல்ட் மீனின் கண்ணாக மாறியது. இதே பறவையைப் பற்றி 2008 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழியின் தோல் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு இதனிடமிருந்தே வந்தது என்று காட்டியது.

இறகு வணிகத்தால் பறவைகள் பட்ட துன்பத்தை மறைத்துவிட்டு அம்மையாரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. தொப்பிக்காகவும் தூண்டிலுக்காகவும் உலகெங்கும் எண்ணற்ற பறவைகள் மடிந்தன. நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் காட்டுக்கோழிக்குக் காவலாக நிற்கிறது. இன்று மேனாட்டார் தங்கள் நாடுகளில் பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகையோ, வண்ணம் தீட்டிய மாற்றுப் பொருளையோ கொண்டு கட்டுகிறார்கள். சிலர் கண்ணே இல்லாமலும் கட்டுகிறார்கள். மீன் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

கையே கருவி

ஈ கட்டுவோர் அனைவரும் முள்ளை ஒரு சிறிய வைஸில் இறுக்கி வைத்துக்கொண்டுதான் கட்டுவார்கள். இரு கைகளும் ஓய்வாக இருந்தால்தான் இறகைப் பிடிக்கவும் நூலைச் சுற்றவும் முடியும். கேரி ஸ்டீவன்ஸ் வைஸைப் பயன்படுத்தவில்லை. முள்ளை இடக்கை விரல்களில் பிடித்தார். வலக்கையால் நூலைச் சுற்றினார். அப்படியே ஆயிரக்கணக்கில் கட்டினார். இதைப் படித்தபோது நான் வியக்கவில்லை. காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் தாயார் பேருந்து நிலையத்தின் அருகே பூக்கட்டி விற்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. நான்கு மல்லிகை மொட்டுகளை விரலிடுக்கில் எதிரெதிராகப் பிடித்து, வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சில் இழுத்துவிடுவார். காம்பு நசுங்காது, பூவும் நழுவாது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் அவருக்குச் சொல்வதில்லை.

சென்ற விடுமுறையில் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பெரிய முள்ளையும், தெருவில் கிடந்த சேவல் இறகுகளையும், தையல் நூலையும் எடுத்துக்கொண்டு, அம்மையாரின் வழியில் கையிலேயே கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். இறகை முள்ளின் மேல் வைத்து நூலை இறுக்கும்போது நூல் சுற்றும் பக்கமாகவே இறகும் திரும்பிக்கொள்கிறது. இது எல்லாத் தொடக்கநிலையினரும் சந்திக்கும் சிக்கலே. என் தாயார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வாங்கி, இறகையும் முள்ளையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி, நூலை முதலில் தளர்வாக அந்த இடுக்குக்குள் ஒரு சுற்று நுழைத்து, அதன்பின் நேர் கீழாக இழுத்தார். இறகு நகரவில்லை. ஈ கட்டும் நூல்களில் தொடக்கப் பாடமாகச் சொல்லும் முறை அதுவேதான். அதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. இதில் எந்த மீன் அம்மா விழும் என்று நான் கேட்டதற்கு, முதலில் பூவை விற்றுவிட்டு வருகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கல்வியே இல்லை என்று விண்ணப்பப் படிவங்களில் எழுதும்போதெல்லாம் இனி அந்த விரல்கள் என் நினைவுக்கு வரும்.

கேரியின் முறையில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. சிறகு, தோள், கண் மூன்றையும் முள்ளில் ஒவ்வொன்றாகக் கட்டாமல், முன்கூட்டியே ஒன்றோடொன்று பசையிட்டு ஒட்டி, இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாகத் தயாரித்து வைத்துக்கொள்வார். கட்டும் வேளையில் இரண்டு துண்டுகளை வைத்தால் போதும். நூறு ஈ கட்டினாலும் நூறும் ஒரே அச்சாக இருக்கும். மற்றவர்கள் சிறகை முள்ளின் உச்சியில் கூரைபோல நிறுத்தினார்கள். அவர் இரு பக்கமும் உடலைத் தழுவுமாறு சாத்தினார். பக்கவாட்டில் பார்க்கும் மீனுக்கு அது உயரமும் தட்டையுமான முழு மீனாகவே தெரியும். இந்த நுட்பங்களை அவர் எளிதில் யாருக்கும் காட்டவில்லை. அயலார் பார்க்கக் கட்டுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். அதைக் காத்துக்கொண்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. பிற்காலத்தில் அவருடைய ஈக்களை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தே மற்றவர்கள் அந்த முறையைக் கற்றார்கள்.

பாரம் யார் தருவது?

இயற்பியல் படிக்கும் நண்பர்களுக்காக ஒரு செய்தி. இறகும் மயிரும் பட்டும் இலேசானவை. முள் ஒன்றே இரும்பு. அப்படியானால் இந்தப் பொய் மீன் ஆழத்துக்குப் போவது எப்படி? கேரி தம் ஈக்களில் பாரம் ஏதும் சேர்க்கவில்லை. மதகிலிருந்து பாய்ந்துவரும் நீரின் வேகமும் சுழலுமே அந்த மடுவில் ஈயை உள்ளே இழுத்துச் சென்றன. ஏரியில் படகின் பின்னே நீண்ட கயிறு விட்டு இழுக்கும்போதும், பனி உருகும் இளவேனிற்காலத்தில் சால்மன் மேல்நீரிலேயே ஸ்மெல்டைத் துரத்துவதால் ஆழம் தேவைப்படவில்லை. அவர் ஈ அந்த நீருக்காகப் பிறந்தது.

மற்ற நீர்நிலைகளில் மீன் அடியில் கிடக்கும். அதற்காக முள்ளின் தண்டில் முதலில் ஈயக்கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டு, அதன்மேல் உடலைக் கட்டும் முறை வழக்கத்துக்கு வந்தது. பாரம் நடுவில் இருந்தால் ஈ மட்டமாக இறங்கும். முன்னால் இருந்தால் தலைகுப்புறப் பாயும். பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹன்னா ஆற்றில் பாஸ் மீன் பிடிக்க வழிகாட்டும் பாப் கிளவுசர் என்பவர் 1987 இல் இதைத் துணிந்து பயன்படுத்தினார். சிறிய எடைத்தூக்கும் குண்டு போன்ற ஈயக் கண்களை முள்ளின் தண்டில் தலைக்கருகே கட்டினார். பாரம் தண்டின் ஒரு பக்கத்தில் அமைவதால் முள் நீரில் தலைகீழாகப் புரண்டு, கூர் மேல்நோக்கி நிற்கும். அடியிலுள்ள கல்லிலும் வேரிலும் சிக்காது. இழுத்தால் எழும், விட்டால் மூக்கு முதலாக விழும். அடிபட்ட சிறு மீன் தள்ளாடுவது போலவே இருக்கும். கேரியின் காட்டுக்கோழிக் கண் பார்ப்பதற்காக; கிளவுசரின் கண் மூழ்குவதற்காகவும். இப்போது ஈயமும் ஐயத்துக்கு ஆளாகிவிட்டது. லூன் என்னும் அழகிய நீர்ப்பறவை ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி மடிவதால், மெயின் மாநிலமே சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை விதித்திருக்கிறது. பித்தளையும் டங்ஸ்டனும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

எஞ்சிய ஆண்டுகள்

கேரி தம் தொழிலுக்கு ரேஞ்ச்லிஸ் ஃபேவரிட் என்று பெயர் வைத்து, அந்தப் பெயர் அச்சிட்ட அட்டையில் ஈக்களைப் பொருத்தி விற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் படைத்தார். பெயர் வைப்பதிலும் அவருக்கு ஒரு சுவை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய ஓர் ஈக்கு ஜெனரல் மக்ஆர்தர் என்று பெயர். ஸ்ட்ரீமர்களைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதிய ஜோசப் பேட்ஸ் என்பவர் போரில் பணியாற்றியவர். அவர் பெயரால் கர்னல் பேட்ஸ் என்றோர் ஈ கட்டினார். 1950 இல் வெளிவந்த பேட்ஸின் நூல் கேரியின் ஈக்களை இன்னும் பலரிடம் கொண்டுசேர்த்தது. அதே ஏரிக்கரையில் வாழ்ந்த ஹெர்பர்ட் வெல்ச் என்ற வல்லுநரின் பிளாக் கோஸ்ட் என்னும் ஈயைக் கேரியுடையது என்று குழப்புவோர் உண்டு. கறுப்புப் பேய் அவருடையது. சாம்பல் பேய்தான் இவருடையது.

முதுமை வந்தது. அணைக்கரையை விட்டு மாடிசன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1953 டிசம்பரில் தம் கடைசி ஈயைக் கட்டி முடித்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்டெல் ஃபோல்கின்ஸ் என்பவரிடம் தொழிலை விற்றுவிட்டார். முதல் ஈயிலிருந்து கடைசி ஈ வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இரு கைகளே எல்லாவற்றையும் செய்தன.

1970 இல் அவர் மறைந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாளை மெயின் மாநில ஆளுநர் கென்னத் கர்டிஸ் கேரி ஸ்டீவன்ஸ் நாள் என்று அறிவித்தார். அப்பர் டாமில் அவர் நினைவாக ஒரு பட்டயம் பதிக்கப்பட்டது. அவர் கட்டிய ஈக்களை இப்போது யாரும் தண்ணீரில் போடுவதில்லை. கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கிறார்கள். ஏலத்தில் போட்டியிட்டு வாங்குகிறார்கள். அவரைப் பின்பற்றிக் கட்டியவர்கள் மிகப் பலர் ஆகையால், உண்மையானது எது என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் ஈயைக் கையில் வாங்கியதும் உருப்பெருக்கியை முதலில் தலைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். கறுப்பு வார்னிஷின் நடுவே, நாலைந்து சுற்று அகலத்தில், அந்த ஆரஞ்சு நூல் வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.